விசைப்பலகையின்றி எழுதும் வகை

நம் பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் கட்கிப் பக்கம் போய் வருவோர், அங்கே முதுகுத்தண்டில் காயமுற்ற போர்வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று இருப்பதை அறிவர். 1974ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது அது. இடுப்புக்குக் கீழே உணர்விழந்தோரும், கழுத்துக்குக் கீழே யாவும் இழந்தோரும் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் தூரிகையை வாயிற் கவ்விக்கொண்டு ஓவியம் தீட்டுகின்றனர். அவ்வோவியங்களைக் காணும்போது, கையில் வேலை இல்லை என்று நாம் விடுதியில் படுத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்து நாணச் செய்யும்.

தூரிகையை வாயாற் பிடிக்கலாம். ஆனால் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால்? கணிப்பொறியின் முன்னே நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் கொண்ட பலகை ஒன்று கிடக்கிறது. பத்து விரல்களும் நன்றாக உள்ள மனிதனை எண்ணி அமைத்த பலகை அது. தலையை மட்டும் அசைக்க வல்லவனுக்கு, அல்லது ஒரு கன்னத்தை மட்டும், அல்லது மூச்சை மட்டுமே ஆள வல்லவனுக்கு அப்பலகையால் யாது பயன்? அவனிடமுள்ள அந்த ஓர் அசைவை எழுத்தாக மாற்றிக் கணிப்பொறிக்குள் செலுத்த முடியுமா? முடியும். அதற்கான வழி நம் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நாம் கையாளும் ஒரு பழைய கம்பியில் இருக்கிறது. அதனைச் சற்று விளங்கக் காண்போம்.

விடுதி உணவுக்கூடத்தின் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கதவுகள் இருந்தால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நுழையலாம். ஒரே கதவுதான் என்றால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய வேண்டும். மின்குறிகளை அனுப்புவதிலும் இவ்விரண்டு முறைகள் உண்டு. எட்டுக் கம்பிகளில் எட்டுக் குறிகளை ஒருங்கே அனுப்புவது இணைமுறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது தொடர்முறை. தொடர்முறை மெதுவானது போலத் தோன்றும். ஆயினும் கம்பி குறைவு, செலவு குறைவு, நெடுந்தூரம் போகும். தந்தி அடித்த காலம் முதல் மனிதன் இதனையே நம்பி வந்திருக்கிறான். 1874இல் பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ, ஐந்து குறிகளால் ஓர் எழுத்து என்னும் முறைக்கு உரிமம் பெற்றார். ஒவ்வொரு குறியும் உண்டு அல்லது இல்லை என இரு நிலையுடையது. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. ஆங்கில எழுத்து 26க்கும் அது போதும். இந்த 32 என்னும் எண்ணை நினைவில் வையுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

இக்காலத் தொடர்முறைக் கம்பிக்கு இலக்கணம் வகுத்தது 1960இல் அமெரிக்காவில் பிறந்த ஆர்.எஸ்.-232 என்னும் தரம். நம் துறைகளில் உள்ள பழைய எடைத்தராசு, நிறமாலைமானி ஆகியவற்றின் முதுகில் ஒன்பது ஊசிகள் கொண்ட வாய் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதன் பேச்சு மிக எளிது. கம்பியில் −3 வோல்ட் முதல் −15 வோல்ட் வரை இருந்தால் அது ஒன்று. +3 முதல் +15 வரை இருந்தால் அது சுழி. பேச்சு இல்லாதபோது கம்பி ஒன்றிலேயே நிற்கும். பேசத் தொடங்குமுன் ஒருமுறை சுழிக்கு இறங்கும். 'கேள், வருகிறேன்' என்பது அதன் பொருள். பிறகு எட்டு பிட்டுகள். இறுதியில் மீண்டும் ஒன்றுக்கு ஏறி ஓய்வு கொள்ளும். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள்.

ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-யை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆஸ்கி அட்டவணையில் எண் 65. இரண்டடிமானத்தில் 01000001. சிறு மதிப்புள்ள பிட்டு முதலில் போகும் என்பது மரபு. ஆகவே கம்பியில் செல்வது முறையே 0, பிறகு 1 0 0 0 0 0 1 0, பிறகு 1. வினாடிக்கு 9600 பிட்டு என்னும் வேகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி நிற்கும். வினாடிக்கு 960 எழுத்துகள் போகும்.

இங்கே மாணவர் ஒருவர் கேட்கலாம்: அனுப்புகிறவனுக்கும் பெறுகிறவனுக்கும் பொதுவான கடிகாரம் ஒன்றில்லையே, பிட்டின் எல்லையை எப்படி அறிவது? நல்ல கேள்வி. பெறுகிறவன் முதற்சுழியின் விளிம்பைக் கண்டதும் தன் கடிகாரத்தை அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறான். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒருமுறை பார்க்கிறான். இறுதிப் பிட்டின் நடுவை அடையும்போது ஒன்பதரைப் பிட்டு நேரம் ஆகியிருக்கும். அதற்குள் இருவர் கடிகாரங்களும் அரைப் பிட்டுக்கு மேல் விலகாதிருந்தால் போதும். அரையை ஒன்பதரையால் வகுத்தால் நூற்றுக்கு ஐந்து. அவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் கம்பி இது. பொது நேரம் இன்றியே இருவர் பேசிக்கொள்ள முடிவது இதனால்தான்.

இனி வியப்பான செய்தி ஒன்று. நாம் தட்டும் விசைப்பலகையே ஒரு தொடர்முறைக் கருவிதான்! வட்ட முனையுடைய பழைய பி.எஸ்.-2 பலகை, ஒவ்வொரு விசைக்கும் பதினொரு பிட்டுகளை ஒரே கம்பியில் அனுப்பியது: தொடக்கம் ஒன்று, செய்தி எட்டு, சரிபார்ப்பு ஒன்று, முடிவு ஒன்று. இன்றைய யூ.எஸ்.பி.யின் பெயரிலேயே 'தொடர்முறை' என்னும் சொல் அடங்கியிருக்கிறது. அப்படியானால் வேறு எந்தத் தொடர்முறைக் கருவியையும் பலகைக்குப் பதிலாகச் செருகிவிடலாமே என்று தோன்றும். செருகிப் பாருங்கள், திரையில் ஓர் எழுத்தும் விழாது.

காரணம் இரண்டு. முதலாவது, பலகை எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணை அனுப்புகிறது. ஏ என்னும் விசையை அழுத்தினால் பி.எஸ்.-2 பலகை 28 என்று சொல்லும். விட்டால் 240, 28 என்று சொல்லும். யூ.எஸ்.பி. பலகையோ அதே விசையை 4 என்று சொல்லும். ஆஸ்கியில் அது 65. ஒரே விசைக்கு மூன்று பெயர்! அழுத்துவதும் விடுவதும் தனித்தனிச் செய்திகள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஷிப்டை அழுத்திக்கொண்டே மற்றொன்றைத் தட்டுவது என்பது அதனாலேயே இயலுகிறது. இரண்டாவது காரணம், கணிப்பொறி பலகையின் வாயை எப்போதும் காது கொடுத்துக் கேட்கிறது; தொடர்முறை வாயை அப்படிக் கேட்பதில்லை. அங்கு வந்து சேரும் எழுத்துகள், யாரேனும் ஒரு நிரல் வந்து எடுத்துக்கொள்ளும்வரை தபால் நிலையத்தில் உரிமையாளர் வாராத கடிதம்போலக் கிடக்கும். ஆகவே நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பாளரை முறையாக வகுத்தவர்கள் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தினர். 1971இல் கிரெக் வாண்டர்ஹைடன் என்பவரால் தொடங்கப்பெற்றது அம்மையம். பேச இயலாதோருக்கும் கை இயலாதோருக்கும் அந்நாளில் பல கருவிகள் தோன்றியிருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பாஷை பேசியது. அவை யாவும் ஒரே முறையில் பேசினால், எந்தக் கருவியும் எந்தக் கணிப்பொறியின் பலகைக்கும் எலிக்கும் பதிலாக நிற்கலாம் அல்லவா? அதற்காக வகுத்த பொதுமொழியைக் கைடை என்பர்.

அதன் இலக்கணம் நம்மைப் போன்றோர் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்கது. சாதாரண எழுத்தை அப்படியே அனுப்பினால் அதற்குரிய விசை தட்டப்பட்டதாகப் பொருள். சிறப்பான கட்டளை என்றால் எஸ்கேப் என்னும் குறியை முதலில் அனுப்பி, காற்புள்ளியிட்டுக் கட்டளையை எழுத்துகளில் எழுதி, முற்றுப்புள்ளியில் முடிக்க வேண்டும். எஸ்கேப், காற்புள்ளி, 'ஹோல்டு', காற்புள்ளி, 'ஷிப்ட்', முற்றுப்புள்ளி என்று அனுப்பினால், ஷிப்டு விசையை ஒரு கண்ணுக்குத் தெரியாத விரல் பிடித்துக்கொள்ளும். ஒரே ஓர் அசைவு மட்டும் உள்ள மனிதன் இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்துவது எப்படி என்னும் சிக்கல், இவ்வொரு வரியில் தீர்ந்துபோகிறது. எலியை நகர்த்தவும் சொடுக்கவும்கூட இவ்வாறே கட்டளைகள் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் இதனை 'சீரியல் கீஸ்' என்னும் பெயரில் 1995இன் விண்டோசில் சேர்த்தனர். 2001இன் எக்ஸ்.பி. வரை இருந்தது, அடுத்து வந்த விஸ்டாவில் எடுத்துவிட்டனர். ஒன்பது ஊசி வாய் கணிப்பொறிகளிலிருந்து மறைந்து வந்த காலம் அது. ஆனால் வாய் மறைந்தாலும் வழி மறையவில்லை, யூ.எஸ்.பி.க்குள்ளேயே ஒரு தொடர்முறை வாயைப் பாவனை செய்யலாம். லினக்சில் 'யூஇன்புட்' என்னும் பகுதி, எந்த நிரலும் தன்னை ஒரு விசைப்பலகையாகக் காட்டிக்கொள்ள இடங்கொடுக்கிறது.

கம்பியின் கதை இவ்வளவே. கம்பியின் மறுமுனையில் இருக்கும் மனிதனைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் மருத்துவமனை முதுகுத்தண்டுக் காயங்களுக்குப் பெயர் பெற்றது. 1960இல் அங்கு நோயாளிகளைக் காண வந்து போய்க்கொண்டிருந்த ரெஜ் மாலிங் என்பவர், கை கால் இயங்காதோர் ஒரு ஊதலை ஊதித்தான் தாதியை அழைக்க முடிகிறது என்பதைக் கண்டார். ஊத முடிகிறது என்றால் மூச்சை ஆள முடிகிறது என்றுதானே பொருள்! குழாயில் ஊதினாலும் உறிஞ்சினாலும் இரண்டு சுவிட்சுகள் இயங்கும்படி செய்து, அதனால் விளக்கையும் மணியையும் தட்டச்சுப் பொறியையும் இயக்கும் கருவி ஒன்றை அமைத்தார். போஸம் என்று அதற்குப் பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்று பொருள்.

ஊதலும் உறிஞ்சலும் ஒன்றும் சுழியும்போல. இப்போது போதோவின் 32ஐ நினைவுகூருங்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. ஐந்து மூச்சில் ஒரு முதலெழுத்து! மிச்சமிருக்கும் ஒன்று சொற்களுக்கிடையே இடைவெளிக்கு. 247 எழுத்து என்று நம் மொழியைப் பார்த்து அஞ்சுவோரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம். 'தண்ணீர்' என்பதற்கு த், அ, ண், ண், ஈ, ர் என ஆறு முதலெழுத்துகள், முப்பது மூச்சுகள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாகத்தோடு கிடக்கும் ஒருவன் 32 குறிகளையும் மனப்பாடம் செய்து, தவறாமல் முப்பது முறை ஊதி உறிஞ்ச வேண்டும் என்பதை எண்ணும்போது அழகு போய்விடுகிறது.

ஆகவே பெரும்பாலும் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். திரையில் எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்குவர். ஓர் ஒளி, வரிசை வரிசையாக மேலிருந்து கீழே இறங்கும். வேண்டிய வரிசையில் ஒளி வந்ததும் சுவிட்சைத் தட்டினால், ஒளி அவ்வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்தில் மீண்டும் ஒரு தட்டு. இரண்டு தட்டில் ஓர் எழுத்து. அசைவு ஒன்றே, காலந்தான் எழுத்தைத் தேர்கிறது.

ஸ்டீபன் ஹாக்கிங் எழுதியதும் பேசியதும் இம்முறையில்தான். 1985இல் தொண்டையில் செய்த அறுவையால் குரல் போன பின், கலிபோர்னியாவைச் சேர்ந்த வால்ட் வோல்டோஸ் எழுதிய 'ஈக்வலைசர்' என்னும் நிரல் அவருக்குக் கிடைத்தது. கையில் ஒரு சுவிட்சு. அதைக்கொண்டு நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை அவரால் இயன்றது. 2001 சனவரியில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் நடந்த இழைக்கோட்பாட்டு மாநாட்டுக்கு அவர் வந்திருந்தார். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவுதான். பிற்காலத்தில் கையும் ஓய்ந்தது. கன்னத்தின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணர்வி கண்டறிந்தது. வேகம் மிகவும் குறைந்தது. இன்டெல் நிறுவனத்தார் அவருக்காகப் புதுக்கி அமைத்த நிரலை 2015இல் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டனர். 2018 மார்ச்சு 14இல் அவர் மறையும்வரை அந்தக் கன்னம் எழுதிக்கொண்டிருந்தது.

இவை ஆங்கிலத்துக்கு ஆனவை. தமிழில் எழுத விரும்புகிறவனுக்கு என்ன ஆகும்? இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அதனைத் தங்கள்முன் வைக்கிறேன்.

திண்ணைப் பள்ளிச் சுவரில் தொங்கிய பட்டியலைப் போலவே கட்டங்களை அமைப்போம். முதல் வரிசையில் ஆய்தமும் பன்னிரண்டு உயிரும். அடுத்த பதினெட்டு வரிசைகளில் ஒவ்வொரு மெய்யும் அதன் உயிர்மெய் பன்னிரண்டும். 19 வரிசை, 13 கட்டம். பெருக்கினால் மிச்சமின்றி 247. ஒளி ஒவ்வோரிடத்திலும் ஒரு வினாடி நிற்பதாகக் கொள்வோம். த என்பது எட்டாம் வரிசை, இரண்டாம் கட்டம்: 10 வினாடி. ண்: 7உம் 1உம், 8 வினாடி. ணீ: 7உம் 5உம், 12. ர்: 13உம் 1உம், 14. ஆகத் தண்ணீர் கேட்க 44 வினாடி.

இதே சொல் கம்பியில் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? யூனிகோடு முறையில் 'தண்ணீர்' ஏழு குறிகள், யூ.டி.எஃப்.-8இல் குறிக்கு மூன்று பைட்டாக 21 பைட்டு. கம்பியில் 210 பிட்டு. வினாடிக்கு 300 பிட்டு என்னும் ஆமை வேகத்தில் அனுப்பினாலும் 0.7 வினாடிதான். கம்பியை விரைவுபடுத்துவதில் பொருளே இல்லை. 44 வினாடியும் மனிதன் காத்திருக்கும் நேரம்.

247 கட்டங்களை 31ஆகக் குறைத்தால் விரைவாகுமா? 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைமுறை இதற்கு வழி காட்டுகிறது. அதில் க என்னும் விசை க-வைத் தரும். அதன்பின் இ-யைத் தட்டினால் கி ஆகும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலதன்மேல் புள்ளி தானே ஏறும். ஆகவே தண்ணீருக்கு த, ண, ண, ஈ, ர, புள்ளி என ஆறு தேர்வுகள். ஆறுக்கு ஆறு கட்டமிட்டு, உயிரை முதல் இரு வரிசையிலும் மெய்யை அடுத்த மூன்றிலும் ஆய்தத்தை ஆறாம் வரிசையிலும் வைத்தால், 5, 9, 9, 5, 10, 7. கூட்டினால் 45! அரிச்சுவடியை அப்படியே சுருக்கியதில் ஒரு வினாடி நட்டந்தான் வந்தது. எனக்கு இது முதலில் ஏமாற்றமாக இருந்தது.

பிழை எண்ணிக்கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அரிச்சுவடியின் வரிசை கற்பதற்கு உரியது, தேடுவதற்கு உரியதன்று. மிகுதியாக வழங்கும் எழுத்தை முதல் மூலையிலும், அரிதாக வழங்குவதைக் கடைசி மூலையிலும் வைக்க வேண்டும். புள்ளியை முதற்கட்டத்தில் வைத்தால் அதற்கு 2 வினாடி. த-வை 3இலும் ர-வை 4இலும் ண-வை 5இலும் ஈ-யை 6இலும் வைத்தேன். இப்போது 3, 5, 5, 6, 4, 2. தண்ணீர் 25 வினாடியில் வந்துவிடுகிறது. ஔவும் ஙவும் மூலைக்குப் போயின. அவற்றுக்கு என் வணக்கம்.

இவ்வுண்மையை என் வீட்டார் எந்த நூலும் படியாமலே கண்டிருந்தனர். என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது, பெரியம்மா அருகில் அமர்ந்து அ, ஆ என்று சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். இரண்டு நாளில் பெரியம்மா, 'உயிரா, மெய்யா?' என்று முதலில் கேட்கத் தொடங்கிவிட்டார். நான்காம் நாள், 'வல்லினமா?' என்றும் கேட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். இயந்திரத்தில் ஒளி செய்கிற வேலையை அங்கு ஒரு குரல் செய்தது. பெரியப்பா முதன்முதலில் எழுதிய சொல் தண்ணீர் அன்று, 'கடன்' என்பது. யாரிடமோ வாங்கிய தொகையைத் திருப்ப வேண்டுமென்று சொல்ல முயன்றிருக்கிறார். அதை எழுதி முடிக்க முற்பகல் முழுவதும் ஆயிற்று என்பார்கள்.

இனி இன்னொரு செய்தி. முன்னே சொன்ன கைடை மொழிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது தேவையில்லை! கருவி அனுப்புவது விசையின் பெயரை மட்டுமே. கணிப்பொறிக்குள் தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால், எல், பி, பி, டபிள்யூ, எம், எஃப் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளை அக்கருவி அனுப்பியதும் திரையில் 'தண்ணீர்' என்று விழும். தமிழைக் கேள்விப்பட்டே இராத பழைய கருவி தமிழ் எழுதும். விசைக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொல்லை என்று முன்னே கருதினோம். அதுவே இங்கு உதவியாக வருகிறது.

இந்த வேறுபாட்டை இந்திய மொழிகளுக்கெல்லாம் பயன்படுத்திக்கொண்ட பெருமை நம் புனேக்கு உண்டு. 1986இல் மைய அரசின் மின்னணுத் துறை இன்ஸ்கிரிப்டு என்னும் பொது விசைமுறையை வகுத்தது. க-வுக்குரிய விசை மராத்திக்கும் தமிழுக்கும் வங்காளிக்கும் ஒன்றே. 1988இல் இங்கே நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த ஜிஸ்டு நுட்பத்தைக் கொணர்ந்து வளர்த்தது. அதன் முனையங்கள் பெரிய கணிப்பொறியோடு பேசியது தொடர்முறைக் கம்பியில்தான். இந்திய எழுத்துகளுக்கான எட்டுப் பிட்டுக் குறிமுறையும் 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. சி-டாக் என்றதும் அவ்வாண்டின் பரம் 8000 மீக்கணிப்பொறியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எழுத்துக்குச் செய்த இப்பணியை நான் அதற்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

ஆயினும் ஒற்றைச் சுவிட்சுக்காரனுக்கு இன்ஸ்கிரிப்டைவிடத் தமிழ்99 நல்லது என்பது என் கருத்து. இன்ஸ்கிரிப்டில் ண-வுக்கு ஷிப்டைச் சேர்த்து அழுத்த வேண்டும்; புள்ளியும் தானே ஏறாது. தமிழ்99இல் தமிழெழுத்து எதற்கும் ஷிப்டு வேண்டா. கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே வேண்டும். எல்லா மொழிக்கும் பொதுவான சட்டை ஒவ்வொருவர் தோளிலும் சற்றுத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

சென்னையில் இத்துறையில் நடந்துள்ள பணியை நம் மாணவர் பலர் அறியார். 1985இல் பூனம் நடராசன் தொடங்கிய வித்யா சாகர் என்னும் நிறுவனம், மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுக்குக் கல்வி புகட்டி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மின்பொறியியல் பேராசிரியர் அனில் பிரபாகர் குழுவினர், அவர்களோடு சேர்ந்து அதிதி என்னும் சுவிட்சை அமைத்தனர். அதனைத் தொடவும் வேண்டா. அருகில் கையோ தலையோ அசைந்தால் எலியைச் சொடுக்கியதாகக் கணிப்பொறி கொள்ளும். தசை இறுக்கத்தால் விசையைக் குறிபார்த்து அழுத்த இயலாத குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! அதே ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யா சாகரின் துணையோடு ஆவாஸ் என்னும் பேசும் கருவியைச் செய்தார். படங்களையோ சொற்களையோ தேர்ந்தால் அது குரல் கொடுக்கும். தமிழிலும் இன்று அது பேசுகிறது. தண்ணீரை எழுத்தெழுத்தாகக் கூட்டாமல், 'தண்ணீர்' என்றே ஒரு கட்டம் வைத்துவிட்டால் ஒரே தேர்வில் முடிந்துவிடும் அல்லவா? அடிக்கடி வேண்டுவனவற்றுக்குப் படமும் சொல்லும்; 'கடன்' போன்றவற்றுக்கு எழுத்து. இரண்டும் வேண்டும் என்பேன்.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு: தப்கீர் கல்லியில் ஒரு பிற்பகல் போதும். ஆர்டுயினோ ஊனோ பலகையை வாங்கினால் அது கணிப்பொறிக்குத் தொடர்முறை வாயாகத் தோன்றும். கணிப்பொறியில் ஒரு சிறு நிரல் அதனைக் கேட்டு விசையாக மாற்ற வேண்டும். ஆர்டுயினோ லியனார்டோ வாங்கினாலோ, அது தன்னையே விசைப்பலகை என்று அறிவித்துக்கொள்ளும். கணிப்பொறியில் ஒன்றும் நிறுவ வேண்டா. மொழிபெயர்ப்பாளரைக் கம்பியின் எந்த முனையில் அமர்த்துவது என்பதே வேறுபாடு. பிறருடைய கணிப்பொறியிலும் செருகிப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் நான் லியனார்டோவை விரும்புகிறேன்.

சுவிட்சை ஒருமுறை அழுத்தினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு சில மில்லிவினாடி துள்ளித் துள்ளி நிற்கும். பலகை அதனைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடும். 20 மில்லிவினாடி பொறுத்து மீண்டும் பார்க்கச் செய்தால் நம் விரலுக்கு அது போதும். நடுக்கமுள்ள கைக்கு அது போதாது. தட்டியபின் அரை வினாடிவரை அடுத்த தட்டை ஏலாதபடி அமைத்து, ஆளுக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். ஒளி நகரும் வேகமும் அப்படியே. இவ்வெண்களை நிரலுக்குள் புதைத்துவிடாமல் ஒரு திருகில் வெளியே வையுங்கள். அருகில் இருக்கும் தாயோ மனைவியோ திருப்பிக்கொள்ளட்டும்.

ஆறுக்கு ஆறு கட்டத்தில் 36 இடம். 31 போக ஐந்து மிச்சம். இடைவெளிக்கு ஒன்று, முற்றுப்புள்ளிக்கு ஒன்று, எழுதியதைக் குரலாகப் பேசச் செய்ய ஒன்று, தவறியதை அழிக்க ஒன்று. அழிக்கும் கட்டத்தைத் தொலைவில் வைத்துவிடாதீர்கள்; தவறு நேர்ந்தவன் ஏற்கெனவே களைத்திருப்பான். ஐந்தாவது, மணி. மூச்சுத் திணறும்போது யாரும் எழுத்துக் கூட்ட மாட்டார்கள். ஆகவே முதல் மூலையைப் புள்ளியிடமிருந்து பறித்து மணிக்குக் கொடுத்துவிட்டேன். புள்ளி ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று. தண்ணீருக்கு இப்போது 26 வினாடி ஆகிறது.